பட்டியலில் ஏறிய கிழங்கு

ஞூ போரா மாவட்டத்தில் கடும் பஞ்சம் நிலவுகிறது என்பதை ஊர் மக்களுக்கு முறைப்படி அறிவித்தவன் நான்தான். அறிவிக்கும்போது என் வாயில் வெந்த மரவள்ளிக்கிழங்கு இருந்தது. அதனால் 'பஞ்சம்' என்ற சொல் சிலருக்கு 'மஞ்சம்' என்று கேட்டதாகப் பிறகு புகார் வந்தது.

எங்கள் ஊர்ப் பண்பலை வானொலியில் காலைச் செய்தி வாசிப்பது என் வேலை. தலைநகர் அசுன்சியோனிலிருந்து 'உலக உணவு நிலை முன்கணிப்பு அலுவலகம்' தினமும் ஓர் அறிக்கை அனுப்பும். சிகாகோவில் கோதுமை என்ன விலை, கருங்கடலில் கப்பல்கள் ஏன் நிற்கின்றன, ஆசியாவில் மழை என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்றெல்லாம் அதில் இருக்கும். எங்கள் ஊரில் கோதுமை விதைத்தவன் ஒருவனும் இல்லை. இருந்தாலும் எல்லாரும் கேட்பார்கள். தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுச் சண்டையைக் கேட்பதில் உள்ள சுகம் அது.

அன்றைய அறிக்கையின் கடைசிப் பத்தி இப்படி இருந்தது: "உலக உணவு வழங்கல் பொதுவாக மனநிறைவு அளிக்கும் நிலையிலேயே நீடிக்கிறது. எனினும் ஞூ போரா மாவட்டத்தில் தலைக்கு உணவு இருப்பு சூன்யம் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அம்மாவட்ட மக்கள் கடந்த ஆண்டே உயிரிழந்திருப்பதற்கான வாய்ப்புகள் அதிகம்."

வாசித்து முடித்து, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, ஒரு போல்கா பாட்டைப் போட்டேன்.

பாட்டு பாதி ஓடியபோது ஞா எர்மெலிந்தா நிலையத்துக்குள் வந்தார். 'ஞா' என்றால் எங்கள் பக்கத்தில் 'அம்மா' என்கிற மரியாதை. அவர் வந்தால் கதவை யாரும் திறக்க வேண்டியதில்லை, கதவே ஒதுங்கிக்கொள்ளும். பெரிய உடம்பு. ஊருக்குக் கிழக்கே மரவள்ளித் தோட்டம் வைத்திருந்தார். கிழங்கு மாவும் பாலாடைக்கட்டியும் பிசைந்து சீப்பா ரொட்டி சுட்டு, தலையில் கூடையோடு விற்பார். புருஷன் போனபிறகு யாருக்கும் பயப்படாத பெண்மணி. புருஷன் இருந்தபோதும் பயந்ததில்லை.

"டேய் சில்வினோ, யாருடா செத்தது?"

"நாமதான் அக்கா. போன வருஷமே."

"எனக்கு ஒருத்தரும் சொல்லலையே?"

"இப்பத்தானே அறிக்கை வந்திருக்கு."

"செத்தவ காலையில எழுந்து ரெண்டு கூடை சீப்பா சுட்டு வித்துட்டு வந்திருக்கேன். வாங்கித் தின்னவனுங்கல்லாம் என்ன, பேயா? அதுல ஒருத்தன் கடன் வேற சொன்னான். பேய்க்கு எதுக்குடா கடன்?"

இந்த விஷயத்தை மேயர் சார்சா வேறு கோணத்தில் பார்த்தார். மேயர்களுக்கு அது கடமை. மதியமே ஊரைக் கூட்டிப் பேசினார்.

"பெரியோர்களே, இது பெரிய வாய்ப்பு. பஞ்சம்னா நிவாரணம் வரும். நிவாரணம்னா லாரி வரும். லாரி வரணும்னா ரோடு போடணும். எத்தனை வருஷமா ரோடு கேட்டோம்? வயிறு நிறைஞ்சவனுக்கு எதுக்கு ரோடுன்னு திருப்பி அனுப்பினாங்க. அதனால யாரும் அறிக்கையை மறுத்துப் பேசி ஊர் முன்னேற்றத்தைக் கெடுக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு எல்லாரும் கௌரவமா பட்டினி கிடங்க. வீட்டுக்குள்ள என்ன பண்றீங்கங்கறது உங்க சொந்த விஷயம்."

மறுவாரம் பஞ்சத்தை நேரில் பார்வையிட அந்த முன்கணிப்பு அலுவலகத்திலிருந்து டாக்டர் இபாரோலா வந்தார். ஊசி போடும் டாக்டர் இல்லை. எங்கள் நாட்டில் படித்தவர் எல்லாரும் டாக்டர்தான். நல்ல மனிதர், மெலிந்த உருவம், வெள்ளைச் சட்டை. வழியில் வண்டி சேற்றில் சிக்கியதால் வந்து சேரும்போதே பசியில் கண் இருண்டுவிட்டது. ஊரில் வேறு சாப்பாட்டுக் கடை கிடையாது. நேராக ஞா எர்மெலிந்தா வீட்டுக்குத்தான் அழைத்துப் போனோம். அவர் ஒரு பெரிய தட்டில் ஆவி பறக்கும் மரவள்ளிக்கிழங்கும் பன்றிக்கறியும் கொண்டுவந்து வைத்தார். டாக்டர் தலை நிமிராமல் சாப்பிட்டார். முதல் தட்டு காலியாகும்வரை ஞா எர்மெலிந்தா பொறுத்துக்கொண்டார்.

"டாக்டர், இந்த ஊர்ல சாப்பாடே இல்லைன்னு எழுதினது நீங்கதானா?"

"நான் எழுதலைம்மா. கணக்கு எழுதுச்சு. நான் கையெழுத்து மட்டும்தான்."

"கணக்குல கிழங்கைச் சேத்துக்கலையா?"

"எந்தக் கிழங்கு?"

"நீங்க தின்னுட்டு இருக்கற கிழங்கு."

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்கு விளக்குவது போலப் பொறுமையாக விளக்கினார். "உலகப் பட்டியல்னு ஒண்ணு இருக்குங்க. கோதுமை, அரிசி, மக்காச்சோளம், சோயா, இப்படி. எல்லாத்துக்கும் தினம் ஒரு சந்தை விலை உண்டு. விலை இருந்தாத்தான் மதிப்பு. மதிப்பு இருந்தாத்தான் இருப்பு. இப்ப நீங்க சொல்லுங்க, உங்க கிழங்குக்கு இன்னைக்கு என்ன விலை?"

"விலையா? பக்கத்து வீட்டுக்காரனுக்கு வேணும்னா ஒரு செடியைப் பிடுங்கிட்டுப் போவான். எனக்கு வேணும்னா அவன் தோட்டத்துல பிடுங்குவேன். இதுக்குப் போய் யாராவது விலை கேப்பாங்களா?"

"பாத்தீங்களா, நீங்களே ஒத்துக்கிட்டீங்க. விலை இல்லை. அதனால இருப்பு இல்லை. இன்னும் ரெண்டு துண்டு வைங்க."

"அப்ப இவ்வளவு நேரமா நீங்க தின்னது என்னது?"

டாக்டர் மென்றார், விழுங்கினார், நேர்மையாகவே பதில் சொன்னார்: "புள்ளிவிவரப்படி நான் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கலைம்மா."

நிவாரணம் வந்தது. கடல் தாண்டி வந்த கோதுமை மாவு, மூட்டை மூட்டையாக. ரோடு வரவில்லை, லாரி ஆற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட, நாங்களே போய் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்தோம். நிவாரணம் தூக்கியதில் பலருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மாவை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பன்றிகளுக்குப் போட்டோம், தும்மின. கடைசியில் கால்பந்து மைதானத்தில் கோடு போட அது மிகவும் உகந்தது என்று கண்டுபிடித்தோம். அந்த ஆண்டு எங்கள் மைதானத்தின் கோடுகளைப் போல் வெண்மையான கோடுகள் அந்த வட்டாரத்திலேயே இல்லை.

மாவோடு ஒரு புகைப்படக்காரரும் வந்திருந்தார். பஞ்சத்தின் முகம் ஒன்று வேண்டும் என்று தெருத்தெருவாகத் தேடினார். மெலிந்தவர் என்று ஊரில் இருந்தது டாக்டர் இபாரோலா ஒருவர்தான். அவரைப் படம் எடுக்க அலுவலக விதி இடம் தரவில்லை. வேறு வழியில்லாமல் ஞா எர்மெலிந்தாவையே எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் தலைநகரப் பத்திரிகையில் அவர் படம் வந்தது. கீழே எழுதியிருந்தது: 'பஞ்ச வீக்கத்தின் முற்றிய நிலை.'

அதை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் முகம் சிவந்ததைப் பார்த்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

"வீக்கமா? வீக்கமாடா இது? கிழங்கும் பன்னிக்கொழுப்பும் போட்டு நான் பாத்துப் பாத்து வளத்த உடம்புடா இது! பட்டினியில வந்த உடம்புன்னு எழுதிட்டானே பாவி! கூப்பிடு அந்த டாக்டரை. என் கிழங்கு அந்தப் பட்டியல்ல ஏறணும். ஏறாம நான் விடமாட்டேன்."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது என்றே அன்று எங்கள் எல்லாருக்கும் பட்டது. டாக்டருக்கும் பட்டது. பட்டியலில் புதுப் பண்டம் ஏறினால் புதுப் பிரிவு தொடங்க வேண்டும். புதுப் பிரிவுக்கு ஓர் இயக்குநர் வேண்டும். அந்த இடத்தில் தன்னைத் தவிர வேறு யாரையும் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"பட்டியல்ல ஏறணும்னா முதல்ல விலை வேணும். விலை வேணும்னா சந்தை மன்றம் வேணும்" என்றார் டாக்டர்.

ஆக, கிந்தீன் என்பவனுடைய பில்லியர்ட்ஸ் கூடத்தில் 'ஞூ போரா பன்னாட்டு மரவள்ளி வர்த்தக மன்றம்' உதயமானது. ஆட்டப் புள்ளிகள் எழுதும் கரும்பலகைதான் விலைப் பலகை. பள்ளிக்கூட மணியை இரவல் வாங்கி வந்தோம். அதனால் பள்ளிக்கூடம் சில நாள் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று தெரியாமல் நடந்தது. ஞா எர்மெலிந்தா மன்றத் தலைவர். திறப்பு விழாவில் மேயர் ரிப்பன் வெட்டினார். மணி அடித்தது. எல்லாரும் விற்கத் தயாராக நின்றோம். வாங்க ஒருவரும் இல்லை.

"ஏன் யாரும் வாங்க மாட்டேங்கறீங்க?" என்றார் டாக்டர்.

"எல்லார்கிட்டயும்தான் இருக்கே" என்றோம்.

டாக்டர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "எல்லார்கிட்டயும் இருந்தா சந்தை எப்படிங்க நடக்கும்? யாராவது ஒருத்தர்கிட்டயாவது இல்லாம இருக்கணும். பொறுப்புள்ள குடிமகன் ஒருத்தர் முன்வரணும்."

கிந்தீன், பில்லியர்ட்ஸ் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, முன்னால் வந்தான். "என்கிட்ட இல்லைங்க. நான் பொறந்ததுல இருந்து ஒரு குச்சி நட்டதில்லை."

கூடம் அதிரக் கைதட்டினோம். ஊரிலேயே பெரிய சோம்பேறி என்று அதுவரை பெயர் வாங்கியிருந்தவன் ஒரே நிமிடத்தில் முதல் கொள்முதலாளர் ஆகிவிட்டான். ஞா எர்மெலிந்தாவின் அடுத்த வருஷ விளைச்சல் முழுவதையும் வாங்கினான். அவனிடம் காசு இல்லை. காசு பிறகு வரும், வாக்குத்தான் முக்கியம், உலகமெங்கும் அப்படித்தான் என்று டாக்டர் சொன்னார். கிந்தீன் அதை மருந்துக்கடைக்காரருக்குக் கொஞ்சம் அதிக விலைக்கு விற்றான். மருந்துக்கடைக்காரர் பாதிரியாருக்கு விற்றார். பாதிரியார் மறுபடியும் கிந்தீனுக்கே விற்றார். சாயங்காலம் மணி அடித்தபோது, இன்னும் நடாத கிழங்கின் விலை இரண்டு மடங்காகியிருந்தது. எல்லாரும் லாபத்தில் இருந்தோம். யார் நஷ்டப்பட்டது என்று கேட்டுப் பார்த்தோம். யாரும் இல்லை. இவ்வளவு எளிதான ஒன்றை நம் முன்னோர்கள் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று வருத்தமாக இருந்தது.

மறுநாளிலிருந்து விலையை நான் வானொலியில் வாசித்தேன். எப்படி வாசிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். "மரவள்ளி இன்று காலை உற்சாகத்துடன் தொடங்கி, நண்பகலில் தயங்கி, மாலையில் எச்சரிக்கை கலந்த நம்பிக்கையுடன் முடிந்தது." இதைக் கேட்ட என் மனைவி, "என்னங்க, நம்ம கல்யாணத்தை எதுக்கு ஊருக்கெல்லாம் சொல்றீங்க?" என்றாள்.

மரவள்ளி பட்டியலில் ஏறியது. அந்தப் பெருமை அடங்குவதற்குள் அது நாகரிகமாகவும் ஆகிவிட்டது.

எங்கோ குளிர்நாட்டில், கோதுமை தங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு நாள் பலருக்கும் ஒரே நேரத்தில் தெரியவந்ததாம். அவர்கள் சார்பில் இங்ரிட் என்ற அம்மையார் கொள்முதலுக்கு வந்தார். ஞா எர்மெலிந்தா கொடுத்த வெந்த கிழங்கை ஒரு விரல்நுனி அளவு வாயில் வைத்து, கண்ணை மூடினார். கண்ணீர் வழிந்தது. உப்பு அதிகமோ என்று பயந்துவிட்டோம். அவர் சொன்னதை டாக்டர் மொழிபெயர்த்தார்: "இதில் மண்ணின் அடக்கமான ஆன்மாவை உணர்கிறாராம்."

"நல்லாக் கழுவித்தானே போட்டேன்?" என்றார் ஞா எர்மெலிந்தா கவலையோடு.

அதன்பின் தலைநகரின் பெரிய ஓட்டல்களில் அகலமான கறுப்புத் தட்டின் நடுவில் ஒரே ஒரு துண்டுக் கிழங்கு வைத்து, பக்கத்தில் ஒரு பூவும் வைத்துக் கொடுப்பதாகக் கேள்விப்பட்டோம். பணக்காரர்கள் அதைத் தின்றுவிட்டு வயிறு லேசாக இருப்பதாகப் பாராட்டினார்களாம். ஒரு துண்டு தின்றால் லேசாகத்தான் இருக்கும்.

விலை ஏறியது. இங்ரிட் அம்மையாரின் கம்பெனி கிழங்கை வாங்கியது; அடுத்த நடவுக்கு எடுத்து வைத்திருந்த குச்சிகளையும் வாங்கியது. வேறொரு கண்டத்தில் நடப் போகிறார்களாம். குச்சிக்கும் காசா என்று சிரித்துக்கொண்டே கட்டுக் கட்டாகக் கொடுத்தோம். ஞா எர்மெலிந்தா கண்ணாடி போட ஆரம்பித்தார். பார்வை நன்றாகத்தான் இருந்தது. தலைவர் பதவிக்கு அது பொருத்தமாக இருந்தது. சீப்பா சுடுவதை நிறுத்திவிட்டார். "இன்னைக்கு விலையில கிழங்கு மாவைச் சுடறது பண நோட்டை அடுப்புல வைக்கற மாதிரிடா" என்றார். ஊரில் எல்லாரும் கிழங்கை விற்றுவிட்டு, பொட்டலத்தில் வரும் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம். தெருவில் காலை நேரத்துச் சீப்பா வாசனை போய்விட்டது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. விலையைப் பற்றித்தான் பேசினோம்.

விற்பதற்கு ஒன்றும் இல்லாதவன் ஊரில் ஒருவன் இருந்தான். அப்பொலோனியோ. சொந்தத்தில் நிலம் கிடையாது. கூலி வேலை. வேலை இல்லாத நாளில் யார் தோட்டத்திலாவது ஒரு செடி பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோவான். எங்கள் பக்கத்தில் அதற்கு அனுமதி கேட்பதே மரியாதைக் குறைவு. அவனுடைய கடைசிப் பெண்ணுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவர் வேறு யாருமில்லை, ஞா எர்மெலிந்தாதான். ஒரு வியாழக்கிழமை காலை அவன் வழக்கம்போல ஞானத்தாய் தோட்டத்துக்குப் போய் ஒரு செடியைப் பிடுங்கினான். விலை ஏறியபிறகு மன்றம் போட்டிருந்த காவலாளி அவனைப் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தான்.

செய்தி கேட்டு ஞா எர்மெலிந்தா ஓடினார். நானும் ஒலிவாங்கியோடு பின்னால் ஓடினேன். சமாதான நீதிபதி கானியேத்தே, கோப்பையிலிருந்து குளிர்ந்த மூலிகைத் தேநீரான தெரெரேயை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீதிபதி ஐயா, அவனை விடுங்க. அது என் செடி. நான்தான் குடுத்தேன்."

"எப்படிம்மா குடுக்க முடியும்? அந்த விளைச்சலை நீங்க போன வருஷமே வித்துட்டீங்க. அது கிந்தீனுது."

கிந்தீன் வந்தான். "என்னுது இல்லைங்க. நான் மருந்துக்கடைக்காரருக்கு வித்துட்டேன்."

மருந்துக்கடைக்காரர் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் வானத்தைப் பார்த்தார்.

"பாருங்க, சொந்தக்காரன் யாருன்னே தெரியலை" என்றார் நீதிபதி. "சொந்தக்காரன் தெரிஞ்சாலாவது அவன் மன்னிக்கலாம். இது உலகச் சந்தையோட செடி. உலகம் வந்து மன்னிச்சாத்தான் உண்டு."

"என்ன தண்டனை வரும்?"

"அது செடியோட மதிப்பைப் பொறுத்தது. சட்டத்துல ஒரு வரம்பு இருக்கு. மதிப்பு அதுக்கு மேல போனா பெருந்திருட்டு. ரெண்டு வருஷம் சிறை. கீழ இருந்தா சில்லறைத் திருட்டு, கண்டிச்சு அனுப்பிடலாம்."

"இப்ப மேலயா, கீழயா?"

நீதிபதி பெருமூச்சு விட்டார். "அவன் பிடுங்கும்போது கீழ. பிடிபடும்போது மேல. நீங்க உள்ள வரும்போது மறுபடி கீழ. இப்ப என்னன்னு தெரியலை. ஒரு நீதிபதி இப்படி அல்லாடக் கூடாது. மாலை முடிவு விலைப்படி தீர்ப்பு."

சாட்சியான விலை பலகையில் இருந்ததால் நீதிமன்றமே பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு இடம் மாறியது. அப்பொலோனியோவை மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். அவன் மனைவி வாசலில் கடைசிப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஊரே உள்ளே இருந்தது. எல்லாருக்கும் அப்பொலோனியோவைப் பிடிக்கும். எங்கள் வீடுகளில் அவன் கூரை மாற்றாத வீடு இல்லை. எல்லாருக்கும் அவன் விடுதலையாக வேண்டும். எல்லாருக்கும் விலையும் ஏற வேண்டும்.

விலை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"யாராவது கொஞ்சம் வித்தா விலை இறங்கும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அப்ப நீங்க வில்லுங்க."

"நானா? நான் நேத்துதான்யா வாங்கினேன். பாதிரியார் விக்கலாம்ல? தர்மம் பண்றது அவர் வேலைதானே?"

"அது கோயில் கூரைக்கு வெச்சிருக்கறது மகனே. தனிமனிதனுக்காகக் கோயில் சொத்தில் கைவைக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஜெபம் பண்றேன்."

"எதுக்கு சாமி, ஏறவா, இறங்கவா?" என்று யாரோ கேட்டார்கள்.

நான் எல்லாவற்றையும் நேரலையில் சொல்லிக்கொண்டிருந்தேன். "மரவள்ளி வரம்பைத் தாண்டி வலுவாக நிற்கிறது" என்று சொல்லும்போது அப்பொலோனியோ என்னை நிமிர்ந்து பார்த்தான். என்னிடமும் கொஞ்சம் கிழங்குப் பங்கு இருந்தது. நானும் விற்கவில்லை.

ஞா எர்மெலிந்தா தலைவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்பொலோனியோ அவர் பக்கம் திரும்பினான்.

"அக்கா, எப்பவும் போலத்தான் பிடுங்கினேன். குச்சியை வெட்டி அதே இடத்துல திருப்பி நட்டுட்டுத்தான் வந்தேன். வேணும்னா போய்ப் பாருங்க."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. தவறு நடந்திருந்தால் எங்கே என்று தெரிந்துகொள்ளச் சொன்னான். ஞா எர்மெலிந்தா கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து பலகைக்கு முன் போய் நின்றார்.

"கிந்தீன், எழுது. நான் விக்கிறேன்."

"என்னத்த விக்கிறீங்க? உங்க விளைச்சல்தான் வித்தாச்சே?"

"அதுக்கு அடுத்த வருஷத்தை விக்கிறேன். அதுக்கும் அடுத்த வருஷத்தையும். நான் சாகற வரைக்கும் விளையறது எல்லாத்தையும் விக்கிறேன்."

"என்ன விலைக்கு?"

"சும்மா."

டாக்டர் இபாரோலா பதறி எழுந்தார். "சும்மாங்கறது விலை இல்லைம்மா!"

"அப்ப ஒரு குவாரனி."

ஒரு குவாரனி என்று ஒரு காசு இப்போது கிடையாது. அதைக் கடைசியாகப் பார்த்தவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள். ஆனாலும் அது சட்டப்படி ஒரு விலை. கிந்தீன் பலகையில் ஒன்று என்று எழுதினான்.

மருந்துக்கடைக்காரர் கத்தினார்: "அவங்களுக்கு ஏதோ தகவல் வந்திருக்கு!"

அவ்வளவுதான். அந்த அம்மாள் ஒரு மனிதனைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. மன்றத் தலைவரே விற்கிறார் என்றால் உள்ளே ஏதோ விஷயம் இருக்கிறது. விற்றேன், விற்றேன் என்று எல்லாரும் பலகையை நோக்கிப் பாய்ந்தார்கள். பாதிரியார் என் தோளில் ஏறிக் குதித்து முன்னால் போனார். மணி அடித்தபோது விலை என்று எழுத ஒன்றும் மிச்சமில்லை. கிந்தீன் பலகையைத் துடைத்துவிட்டு நின்றான்.

நீதிபதி வெற்றுப் பலகையைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "விலையில்லாததற்கு மதிப்பில்லை. மதிப்பில்லாதது இருப்பில் இல்லை. இருப்பில் இல்லாததை ஒருவன் திருட முடியாது. எனவே சம்பவமே நடக்கவில்லை. நடக்காத சம்பவத்தில் நீதிமன்றத்தின் நேரத்தை வீணடித்ததற்காகக் குற்றம்சாட்டப்பட்டவரைக் கண்டித்து விடுதலை செய்கிறேன்."

அப்பொலோனியோ மனைவி அழுதுகொண்டே வந்து ஞா எர்மெலிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் காட்சியைப் பார்க்க அங்கே நான் ஒருவன்தான் இருந்தேன். மற்றவர்கள் எல்லாரும் தோட்டத்துக்கு ஓடியிருந்தார்கள். நாளைக்கு இன்னும் இறங்குவதற்குள் இருப்பதைப் பிடுங்கி விற்றுவிட வேண்டும் என்று மாவட்டம் முழுவதும் கடைசிச் செடி வரைக்கும் பிடுங்கி ஆற்றங்கரையில் குவித்தார்கள். மண்ணுக்குள் இருந்தால் மரவள்ளி மாதக்கணக்கில் காத்திருக்கும்; வெளியே எடுத்தால் மூன்று நாள் தாங்காது. இங்ரிட் அம்மையாரின் லாரிகள் வரவில்லை. குளிர்நாட்டுக்காரர்கள் அதற்குள் பாறையில் படரும் ஏதோ ஒரு பாசிக்கு மாறியிருந்தார்கள். குவியல்கள் கறுத்து, நாறி, மழையில் கரைந்து போயின.

தலைநகர அறிக்கை அன்றைய நிகழ்ச்சியை ஒரே வரியில் பதிவு செய்திருந்தது: 'சந்தை உணர்வில் விளக்க முடியாத பலவீனம்.'

பிறகு வந்தது நிஜமான பசி. தண்டுகளும் குவியலோடு அழுகிப்போனதால் நடுவதற்குக் குச்சி இல்லை. பக்கத்து மாவட்டத்தில் கெஞ்சி வாங்கி நட்டோம். அது விளைய ஒரு வருஷம் ஆகுமே. நூடுல்ஸ் வாங்கக் காசு இல்லை. மைதானத்தின் வெள்ளைக் கோடுகளைப் பார்க்கும்போது எல்லாருக்கும் அந்தக் கோதுமை மாவு ஞாபகம் வந்தது. ஞா எர்மெலிந்தாவின் உடைகள் தொளதொளவென்று தொங்கின. மேயர் நிவாரணம் கேட்டு எழுதினார். பதிலில் டாக்டர் இபாரோலா விளக்கியிருந்தார்: ஞூ போராவின் பிரதான உணவு இப்போது உலகப் பட்டியலில் இருக்கிறது, அதன் விலையோ வரலாறு காணாத அளவுக்கு மலிவு, உணவு மலிவாக இருக்கும் இடத்தில் பசி இருக்க முடியாது, தன்னிறைவு அடைந்தமைக்கு அலுவலகத்தின் நல்வாழ்த்துகள்.

அதோடு நிற்கவில்லை. அந்தத் தன்னிறைவைப் பார்வையிடப் பல நாடுகளிலிருந்து ஒரு குழுவையும் அழைத்துக்கொண்டு வந்தார். இப்போது அவர் இயக்குநர். கொஞ்சம் சதை போட்டிருந்தார். விருந்தினர்களுக்கு ஊர்க் கிழங்கு பரிமாற வேண்டுமே? ஊரில் ஏது கிழங்கு? முன்யோசனையுள்ள மனிதர், உறைந்த கிழங்கு பெட்டி பெட்டியாகக் கூடவே கொண்டுவந்திருந்தார். வேறொரு கண்டத்தில் விளைந்தது. எங்கள் குச்சிகள் அங்கே நன்றாகப் பிடித்துக்கொண்டன என்று கேட்டதில் எங்களுக்கும் சந்தோஷம்தான்.

பள்ளிக்கூட வளாகத்தில் பெரிய அண்டாக்களில் கிழங்கு வெந்தது. வாசனை ஊரெல்லாம் பரவியது. நாங்கள் எல்லாரும் குளித்து, தலை வாரி, வரிசையாக நின்றோம். குழு வருவதற்கு முன் மேயர் எங்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "கேள்வி கேப்பாங்க. சரியாச் சொல்லுங்க. இங்க பசி இருக்குன்னு எழுதிட்டாங்கன்னா நிகழ்ச்சி ரத்து. அண்டாவெல்லாம் வண்டியில திரும்பிப் போயிடும்."

குழுவின் தலைவி கனிவான முகம் கொண்ட பெண்மணி. எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். ஞா எர்மெலிந்தாவின் தொங்கும் உடையில் அவர் பார்வை கொஞ்சம் நின்றது. டாக்டர் குனிந்து, "உணவுக் கட்டுப்பாடு" என்றார். அவர் புரிந்துகொண்டு புன்னகைத்தார்.

பிறகு என் ஒலிவாங்கியை வாங்கி எல்லாரையும் பார்த்துக் கேட்டார்: "உங்கள் ஊரில் இன்று யாராவது பசியோடு இருக்கிறீர்களா?"

அண்டாவின் மூடி ஒருமுறை துள்ளி அடங்கியது. அப்பொலோனியோ என்னைப் பார்த்தான். நான் பாதிரியாரைப் பார்த்தேன். ஞா எர்மெலிந்தா அண்டாவைப் பார்த்தார்.

"இல்லை!" என்றோம் எல்லாரும், ஒரே குரலில்.

அண்டாக்களைத் திறந்து எங்களுக்கும் பரிமாறினார்கள். அன்று சாயங்காலம் வரைக்கும் அது உண்மையாகவும் இருந்தது.